சொன்ன சொல்லும் விற்ற வண்டியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இத்தகைய மேடையில் இலக்கிய நயம் பேசுவதே மரபு. அதற்குத் தகுதியுடைய புலவர் பெருமக்கள் நம்மிடையே இருக்கின்றனர். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் பார்சல் குமாஸ்தாவாகச் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரசீது எழுதுவதையே எழுத்துப் பணியாகக் கொண்டுள்ள நாம் அத்துறையில் புகுவது முறையன்று. ஆதலின், செயலாளர் அவர்கள் பேசுமாறு பணித்தபோது, நாம் அருகிருந்து கண்ட ஒன்றைப் பற்றியே பேசுவதாக ஒப்புக்கொண்டோம். பழைய கார் ஒன்றை வியாபாரியிடம் வாங்குகிறோம். அவர் சொன்னது ஒன்று, வண்டி வேறொன்று. கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறுவது எவ்வாறு? இதுவே இன்றைய பொருள்.

"ஆண்டு விழாவில் இதுவும் ஒரு பேச்சா?" என்று முன் வரிசையில் சிலர் புன்னகை புரிவது தெரிகின்றது. பட்டினப்பாலை பாடிய புலவர் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழ வந்தபோது, அவர்கள் மிகுதியாக வாங்கவும் மாட்டார்கள், குறைத்துக் கொடுக்கவும் மாட்டார்கள் என்பதைத்தான் அவர்தம் பெருமையாகச் சொன்னார். ஆகவே, பேச்சில் தமிழ் இல்லையே என்று யாரும் வருந்த வேண்டா.

நம் காலனிக் குடும்பங்களில் முதல் கார் பெரும்பாலும் பழைய காராகத்தான் வீடு வந்து சேர்கிறது. சீட்டுப் பணம், ஓய்வுபெற்றபோது கிடைத்த சேமநிதி, மகன் அனுப்பிய தொகை ஆகியவற்றைத் திரட்டி வாங்குகிறோம். அதை ஓர் ஆடம்பரம் என்று சொல்வதற்கில்லை. வேலூருக்கு வைத்தியத்திற்குச் செல்ல வேண்டும், ஊரில் உள்ள பெற்றோரைப் பார்க்க வேண்டும், திருமலைக்கு வரும் உறவினரை ரேணிகுண்டாவில் இறக்கி ஏற்ற வேண்டும். சித்தூரோ இரு மாநிலங்களின் வாயிற்படியில் இருக்கும் ஊர். வேலூரிலும் சென்னையிலும் ஓடிய வண்டிகள் இங்கு வந்து விற்பனையாகின்றன. எல்லை கடந்து வரும் வண்டியின் பழைய கதை எல்லைக்கு அப்பாலேயே நின்றுவிடுகின்றது. வியாபாரி சொல்வதே கதையாகிவிடுகின்றது.

இனி, நடந்த செய்திக்கு வருவோம். நம் காலனியைச் சேர்ந்த அன்பர் ஒருவர், பணியினின்று ஓய்வுபெற்றவர். அவர் இந்த அவையில்தான் இருக்கின்றார். பெயரைச் சொல்லக் கூடாது என்பது அவர் நமக்கு இட்ட கட்டளை. 2024ஆம் ஆண்டு தை மாதத்தில், சித்தூரில் பழைய வண்டிகள் விற்கும் ஓரிடத்தில் 3,60,000 ரூபாய் கொடுத்து ஒரு கார் வாங்கினார். அவ்வியாபாரியின் பெயரும் வேண்டா. வண்டியின் முன்கண்ணாடியில் ஓர் அட்டை ஒட்டப்பட்டிருந்தது. "ஒரே உரிமையாளர். 41,000 கிலோமீட்டர். விபத்து இல்லை." இம்மூன்று வாசகங்களே அதில் இருந்தன. புதிய இருக்கை உறை, பளபளக்கும் டயர்க் கறுப்பு, உள்ளே மல்லிகை வாசனைத் தைலம். அன்பரின் மகள், கல்லூரியில் படிக்கும் பெண், தோழியருக்கு அனுப்புவதற்காக வண்டியின் முன் நின்று கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். அட்டையும் அப்படத்தில் தெளிவாக விழுந்துவிட்டது. பணம் பெற்றுக்கொண்டு வியாபாரி கொடுத்த ரசீதிலோ, "பழைய கார் ஒன்று" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

முதல் இரண்டு வாரங்கள் குறையொன்றும் தெரியவில்லை. மூன்றாம் வாரம் குடும்பத்தோடு திருமலைக்குப் புறப்பட்டனர். 1944இல் திறக்கப்பட்ட முதல் மலைப்பாதை இப்போது இறங்குவதற்கு உரியது. ஏறுவதற்குப் பின்னாளில் அமைந்த இரண்டாம் பாதை. சமவெளியில் மறைந்திருக்கும் குறையெல்லாம் அந்த ஏற்றத்தில் வாய் திறந்துவிடும். பாதி வழியில் கிளட்ச் வழுக்கியது. எஞ்சின் சூடேறியது. ஒரு திருப்பத்தில் வண்டியை ஓரங்கட்டி, முதிய தாயாரை வேறு வண்டியில் ஏற்றி அனுப்ப நேர்ந்தது.

மறுநாள், அவ்வண்டியைச் செய்த கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற பட்டறைக்குக் கொண்டு சென்றார். சேஸிஸ் எண்ணைக் கணிப்பொறியில் இட்டதும் வண்டியின் வரலாறு முழுதும் வந்துவிட்டது. 2021இல் சர்வீசுக்கு வந்தபோது 93,400 கிலோமீட்டர். 2022இல் வந்தபோது 1,08,900. முன்பக்கம் அடிபட்டு இன்ஷூரன்ஸில் பழுது பார்த்த குறிப்பும் இருந்தது. 2024இல் அது 41,000 கிலோமீட்டர் ஆனது எவ்வாறு? வயது குறைந்துகொண்டே போகும் வரம் மார்க்கண்டேயனுக்கும் கிடைக்கவில்லை! போக்குவரத்துத் துறையின் கைபேசிச் செயலியில் பார்த்ததில், அன்பருக்கு முன்னரே உரிமையாளர் இருவர் இருந்திருக்கின்றனர். அட்டையில் இருந்த மூன்று வாசகங்களும் பொய்.

இவ்விடத்தில் அன்பருக்கு வந்த யோசனைகளைச் சொல்லியாக வேண்டும். தரகர் ஒருவர் வீடு தேடி வந்தார். "ஏமி பர்வாலேது சார், கிளட்சை மட்டும் மாற்றுங்கள். மீட்டர் 41,000 தானே காட்டுகிறது? பத்தாயிரம் குறைத்து நான் வேறு பார்ட்டிக்குத் தள்ளிவிடுகிறேன்" என்றார். காலனியில் நல்லவர்கள் சிலரும் அதுவே விவேகம் என்றனர். பணமும் வந்துவிடும், கோர்ட்டு வாசலும் மிதிக்க வேண்டியதில்லை. அன்பரின் துணைவியார் அதற்கு இசையவில்லை. "நமக்கு வந்த பொய்யை இன்னொரு வீட்டுக்கு அனுப்பிவிட்டு நாம் நிம்மதியாகச் சாப்பிட முடியுமா?" என்று ஒரே கேள்வி கேட்டார். தரகர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். வண்டி அன்று முதல் காலனி வேப்பமரத்தடியில் நின்றது.

அன்பரும் நாமும் வியாபாரியிடம் சென்றோம். அவர் கோபிக்கவில்லை. உட்கார வைத்து உபசரித்தார். "ஐயா, எனக்கு முன்னால் வைத்திருந்தவர் என்னிடம் என்ன சொன்னாரோ அதையே நான் உங்களுக்குச் சொன்னேன். மீட்டர் காட்டியதை எழுதினேன். நான் எஞ்சினுக்குள் புகுந்தா பார்க்க முடியும்?" என்றார்.

இந்த விடையைக் கேட்டதும் நமக்கு நம் ஆபீஸ் ஞாபகம் வந்தது. மூட்டையாகவும் பெட்டியாகவும் சரக்கு வருகின்றது. உள்ளே பித்தளைப் பாத்திரம் என்று அனுப்புவோர் சொல்வார். நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆகையால் ரயில்வே ரசீதில் "பித்தளைப் பாத்திரம்" என்று வெறுமனே எழுதாமல், "உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுவது" என்னும் குறிப்போடு எழுதுவது வழக்கம். அந்தச் சிறு குறிப்பில் பெரிய நேர்மை அடங்கியிருக்கின்றது. யாம் பார்த்தறிந்ததன்று, பிறர் சொல்லக் கேட்டது என்று அது உலகுக்கு அறிவிக்கின்றது. சொன்னவர் பொய் சொல்லியிருந்தால் அவரைத் தண்டிக்க 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தில் இடம் இருக்கின்றது. இவ்வியாபாரியும், "41,000 கிலோமீட்டர் என்று முன்னவர் சொல்கிறார், நான் சரிபார்க்கவில்லை" என்று அட்டையில் எழுதியிருக்கலாம் அன்றோ? எழுதியிருந்தால் விலை 3,60,000 வந்திராது. விலை வாங்கும்போது சொல் தம்முடையது, வழக்கு வரும்போது சொல் பிறருடையது என்பது எந்தக் கணக்கு?

சட்டமும் ஏறக்குறைய இவ்வாறே கேட்கின்றது. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, ஒரு பொருளை இன்னதென்று வருணித்து விற்றால், பொருள் அவ்வருணனைக்கு ஒத்திருக்க வேண்டும் என்பதை விற்பனையின் நிபந்தனையாகவே ஆக்குகின்றது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, பொய்யுரையால் ஒருவர் பெற்ற சம்மதத்தை, ஏமாந்தவர் விரும்பினால் ரத்துச் செய்துகொள்ளலாம் என்கின்றது. "நீங்களே பார்த்தீர்கள், ஓட்டினீர்கள், பிறகுதானே வாங்கினீர்கள்" என்பது வியாபாரிகளின் வழக்கமான வாதம். பார்த்தால் தெரியக்கூடிய குறைக்கு அவ்வாதம் ஓரளவு செல்லும். கதவில் உள்ள கீறலைக் காட்டிப் பணம் திரும்பக் கேட்க முடியாது. மீட்டருக்குள் மாற்றிய எண்ணைக் கண்ணால் பார்ப்பார் யார்?

நம் 1930ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தை அடியொற்றி எழுந்தது. ஆகவே அந்நாட்டு வழக்குகள் சில நமக்கு வழிகாட்டுவன. அவற்றுள் ஒன்று கதை போலவே இருக்கும். 1967இல் தீர்ந்த பீல் எதிர் டெய்லர் என்னும் வழக்கு அது. 1961ஆம் ஆண்டு டிரையம்ப் ஹெரால்டு கார் என்று விளம்பரம் செய்து ஒருவர் விற்றார். மற்றவர் நேரில் பார்த்து வாங்கினார். பின்னர் பட்டறையில் பார்த்தால், அது ஒரு காரே அன்று! பின்பாதி 1961ஆம் ஆண்டு வண்டி, முன்பாதி அதற்கு முந்திய வேறொரு வண்டி. இரண்டையும் நடுவே ஒட்டுப்போட்டு இணைத்திருந்தார்கள். விற்றவருக்கே அது தெரியாது. ஆயினும், வாங்கியவர் நேரில் பார்த்தார் என்பதனால் வருணனையின் கட்டு அறுந்துவிடாது என்று மேல் நீதிமன்றம் கூறி, வாங்கியவருக்கு நஷ்டஈடு அளித்தது.

மற்றும் இரண்டு வழக்குகளை ஒருசேரச் சொல்வது பொருந்தும். 1957இல் ஒரு வழக்கு. தனி மனிதர் ஒருவர் தம் மோரிஸ் காரை 1948ஆம் ஆண்டு வண்டி என்று சொல்லி ஒரு மோட்டார் வியாபாரியிடம் கொடுத்தார். பதிவுப் புத்தகமும் அவ்வாறே சொன்னது. உண்மையில் அது 1939ஆம் ஆண்டு வண்டி. வியாபாரி வழக்கிட்டுத் தோற்றார். தொழில் தெரிந்தவர் அவர்தாம், புத்தகத்தைப் படித்துச் சொன்ன எளியவரைப் பொறுப்பாக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். 1965இல் இன்னொன்று. பென்ட்லி கார் ஒன்றை விற்ற வியாபாரி, புது எஞ்சின் பொருத்திய பிறகு 20,000 மைல்தான் ஓடியது என்று சொன்னார். ஏறத்தாழ 1,00,000 மைல் ஓடியிருந்தது. அங்கே வியாபாரி தோற்றார். வண்டியின் வரலாற்றைக் கேட்டறியும் வசதி அவருக்கு இருந்தது, ஆகவே அவர் சொன்ன சொல் உறுதிமொழியே ஆகும் என்று டென்னிங் பிரபு தீர்ப்பளித்தார். சொன்ன சொல் பொய்யானது இரண்டிலும் ஒன்றே. சொன்னவர் யார் என்பதில்தான் வேறுபாடு. நம் சித்தூர் வியாபாரியும் சேஸிஸ் எண்ணை ஒரு பட்டறையில் கொடுத்துக் கேட்டிருந்தால் அரை மணியில் உண்மை தெரிந்திருக்கும். அன்பருக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாமலா போகும்?

வியாபாரி அடுத்து ரசீதின் பின்புறத்தைத் திருப்பிக் காட்டினார். பொடி எழுத்தில், "உள்ளது உள்ளவாறு விற்கப்பட்டது. விற்ற பொருள் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது" என்று அச்சிட்டிருந்தது. நம்மவர் பலர் இவ்வரியைக் கண்டதும் எழுந்து வந்துவிடுகின்றனர். அச்சு எழுத்துக்கு நாம் கொடுக்கும் மரியாதை அவ்வளவு! தேய்ந்த பிரேக், பழுதான விளக்கு போன்றவற்றிற்கு அவ்வரி அவருக்கு உதவக்கூடும். வாங்குவோரை இணங்க வைத்த பொய்க்கு அது திரையாகாது. உள்ளது உள்ளவாறு என்றால், உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டும் அன்றோ?

பிறகு சமாதானப் பேச்சு தொடங்கியது. முதலில் நாளை வாருங்கள் என்றார். அடுத்து, வேறு வண்டி மாற்றித் தருகிறேன் என்றார். மூன்றாவதாக, கிளட்சை நானே மாற்றித் தருகிறேன், செலவில் பாதி உங்களுடையது என்றார். அன்பர் இம்மூன்றாவதற்குச் சற்றே இசைந்தார். அப்போது நாம்தாம் அவர் கையைப் பிடித்து நிறுத்தினோம். ஏன் என்பதற்கும் ஒரு வழக்கு உண்டு.

1958இல் இங்கிலாந்தில் லாங் எதிர் லாயிட் என்று ஒரு வழக்கு. மிகச் சிறந்த நிலையில் உள்ள லாரி என்று விளம்பரம் கண்டு 750 பவுனுக்கு ஒருவர் வாங்கினார். முதல் சரக்கை ஏற்றிச் சென்றபோதே டைனமோ நின்றது, எண்ணெய் ஒழுகியது, சக்கரத்தில் விரிசல் கண்டது. விற்றவரிடம் முறையிட்டார். டைனமோச் செலவில் பாதி தருகிறேன் என்றார் விற்றவர். இவரும் ஒப்புக்கொண்டார். மறுபடி லாரியை நெடுந்தூரம் சரக்கேற்றி அனுப்பினார். வழியில் அது படுத்துவிட்டது. பிறகு பணம் திரும்ப வேண்டும் என்று நீதிமன்றம் ஏறினார். குறை தெரிந்த பின்னும் பாதிச் செலவை ஏற்று, மீண்டும் வண்டியை ஓட்டியதனால், விற்பனையை நீரே உறுதிப்படுத்திவிட்டீர், இனி ரத்துச் செய்ய இயலாது என்று தீர்ப்பாயிற்று. நமது 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவும், பொருளை நியாயமான காலத்திற்குமேல் வாய் திறவாமல் வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகவே கருதும். ஏற்றுக்கொண்டவருக்கு நஷ்டஈடு கேட்கும் உரிமை எஞ்சும். வண்டியைத் திருப்பி முழுப் பணம் கேட்கும் உரிமை மெலிந்துபோகும்.

ஆதலால் அன்பர் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறோம். வண்டியை நிறுத்தினார். அன்றைய மீட்டர் எண்ணைப் படம் எடுத்தார். பட்டறையிலிருந்து பழைய சர்வீஸ் விவரத்தை எழுத்தில் வாங்கினார். மகளின் கைபேசியில் இருந்த படத்தையும், வியாபாரி வாட்ஸ்அப்பில் அனுப்பிய "41,000 கி.மீ. கேரண்டி" என்ற செய்தியையும் அப்படியே வைத்திருந்தார். கைபேசியையே மாற்றாமல் வைத்திருத்தல் நலம். மின்னணுச் சாட்சியத்தைத் தாக்கல் செய்யும்போது அதற்குரிய சான்றிதழும் இணைக்க வேண்டியிருக்கும். பிறகு வியாபாரிக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினார். பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. இனி அனுப்புவோர் விரைவுத் தபாலில், சேர்ந்ததற்குச் சான்று பெறும் வகையில் அனுப்புக. நோட்டீஸ் ஒரு பக்கத்திற்கு மேல் இல்லை. அட்டையில் இருந்தது இது, உண்மை இது, விற்பனையை ரத்துச் செய்கிறேன், வண்டியை எடுத்துக்கொண்டு 15 நாளில் பணத்தைத் தருக, அவ்வளவே. வசைச் சொல் ஒன்றும் இல்லை. வக்கீல் கையெழுத்தும் இல்லை.

15 நாள் கழிந்தது. விடை இல்லை. அடுத்துச் சென்றது நுகர்வோர் ஆணையத்திற்கு. 1986இல் பாராளுமன்றம் இயற்றிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கின்றது. நம் போன்ற ஊர்விட்டு ஊர் வந்தோருக்கு இப்புதிய சட்டம் ஒரு பெரிய வசதி செய்திருக்கின்றது. முன்னெல்லாம் எதிரி தொழில் செய்யும் ஊரிலோ, பிரச்சினை எழுந்த ஊரிலோதான் வழக்கிட வேண்டும். இப்போது வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே, அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். சென்னையில் வாங்கிய வண்டிக்குத் திருப்பதியில் வழக்கிடலாம். சித்தூர், திருப்பதி இரண்டிடத்திலும் மாவட்ட ஆணையம் அமர்கின்றது. கொடுத்த விலை 5 லட்சம் வரையில் கட்டணமே இல்லை. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்தல் வேண்டும். வக்கீல் இன்றித் தாமே வாதாடலாம். எதிரி 30 நாளில் விடை எழுத வேண்டும், மேலும் 15 நாள்வரை அவகாசம் பெறலாம். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்றும், பொருளைச் சோதனைக்கு அனுப்ப நேர்ந்தால் ஐந்து மாதம் என்றும் சட்டம் சொல்கின்றது. நடைமுறையில் கூடுதலாகவே பொறுமை வேண்டியிருக்கும் என்பதை மறைப்பதற்கில்லை. எந்த ஆபீஸில்தான் கட்டுகள் தேங்காமல் இருக்கின்றன? நம் ஆபீஸ் உட்படச் சொல்கிறோம்.

வாடகைக்கு ஓட்ட வாங்கினேன், எனக்கு இது செல்லுமா என்று டாக்சி ஓட்டும் தம்பி ஒருவர் நம்மைக் கேட்டார். வியாபார நோக்கத்திற்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகார். ஆயினும், தாமே ஓட்டித் தம் பிழைப்பு நடத்துவதற்காக வாங்கியவருக்குச் சட்டம் விலக்கு அளித்திருக்கின்றது. ஆகவே செல்லும்.

போலீஸுக்குப் போகலாகாதா எனில், போகலாம். ஏமாற்றுதல் குற்றமே. நம் பேச்சு வழக்கில் புகழ்பெற்ற 420 என்னும் எண் 2024 ஜூலை 1 முதல் 318 ஆகிவிட்டது. அதற்குப் பின் ஏமாற்றுவோரை இனி என்ன பெயரிட்டு அழைப்பது என்று தமிழறிஞர்கள் முடிவு செய்ய வேண்டும். ஆனால் குற்ற வழக்கு தண்டனைக்கு உரியது. நமக்கு வேண்டியதோ பணம்.

மனு தாக்கலாகி, வியாபாரிக்கு நோட்டீஸ் சேர்ந்தது. விசாரணை நாள் வருமுன்னரே அவர் ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு காலனிக்கே வந்துவிட்டார். அட்டையின் படம் மனுவோடு இணைக்கப்பட்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் அவர் வந்தார் என்பது நம் ஊகம். பேச்சு ஒரு மாலை முழுதும் நடந்தது. அன்பர் அவ்வண்டியில் 1,100 கிலோமீட்டர் ஓட்டியிருந்தார். அதற்கும் தேய்மானத்திற்குமாக 15,000 ரூபாய் கழித்து, 3,45,000 ரூபாய் தருவதாக முடிவாயிற்று. மலைப்பாதையில் முதியவரை இறக்கிவிட்ட கொடுமைக்கு யார் கழிவு கொடுப்பது என்று துணைவியார் கேட்டார். பெரியவர் தலை குனிந்தார். அக்கணக்கு எழுதப்படவில்லை.

பணம் திரும்ப வரும் நேரத்தில்தான் எச்சரிக்கை மிகவும் வேண்டும். வண்டி ஏற்கெனவே அன்பர் பெயருக்கு மாறியிருந்தது. "முதலில் வண்டியைக் கொடுங்கள், 29, 30 ஆம் பாரங்களில் கையெழுத்துப் போடுங்கள், பணம் திங்கட்கிழமை வரும்" என்றார் வியாபாரி. நம் பார்சல் ஆபீஸில் ரசீது வராமல் சரக்கு வெளியே போவதில்லை. அன்பரும் அம்முறையே கடைப்பிடித்தார். பணம் வங்கிக் கணக்கில் வரவாகி, பாஸ்புத்தகத்தில் பதிந்த பின்னரே பாரங்களில் கையெழுத்திட்டார். வண்டியை எடுத்துச் சென்ற தேதியும் நேரமும் எழுதி வாங்கினார். உரிமை மாற்றம் பதிவாகும் வரையில் அவ்வண்டி எங்கேனும் மோதினால் நோட்டீஸ் வருவது பழைய பெயருக்குத்தான் என்பதை மறவாதீர்கள். கடன் வாங்கி வண்டி எடுத்தவர்கள், வழக்கு நடக்கிறதே என்று தவணையை நிறுத்திவிடக் கூடாது. வங்கிக்கும் வியாபாரியின் பொய்க்கும் சம்பந்தம் இல்லை. செலுத்திய வட்டியை மனுவில் சேர்த்துக் கேட்பதே முறை. பதிவுச் செலவு, இன்ஷூரன்ஸ், பட்டறைச் செலவு ஆகியவற்றின் ரசீதுகளும் அவ்வாறே.

ஒப்பந்தப் பத்திரம் எழுதும்போது, அன்பரின் துணைவியார் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். வண்டி ஓடிய தூரம் 2022இலேயே 1,08,900 கிலோமீட்டர் என்பதும், அதற்குரிய சர்வீஸ் விவரத்தின் நகல் வியாபாரியிடம் கொடுக்கப்பட்டது என்பதுமே அவ்வரி. வியாபாரி இதற்குத்தான் மிகவும் தயங்கினார். 15,000 கழிவைக்கூட விட்டுவிடுகிறேன், அந்த வரி வேண்டாம் என்றார். அம்மையார் அசையவில்லை. 15,000 போகட்டும், வரி இருக்கட்டும் என்றார். இறுதியில் வரி ஏறியது. இனி அவ்வண்டியை 41,000 என்று அவர் விற்றால், தெரியாது என்று சொல்ல முடியாது.

அமெரிக்காவில் 1972இலேயே மீட்டரைத் திருப்புவதைத் தடுத்து, விற்பவர் ஓடிய தூரத்தை எழுதிக் கொடுக்கவேண்டும் என்று சட்டம் செய்தார்கள். ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் பொருளாதார அறிஞர் 1970இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதி, 2001இல் நோபெல் பரிசு பெற்றவருள் ஒருவரானார். நல்ல வண்டியையும் மட்டமான வண்டியையும் வாங்குவோர் பிரித்தறிய முடியாவிட்டால், எல்லாவற்றிற்கும் நடுத்தர விலையே கொடுப்பார்கள். அவ்விலை கட்டாமல் நல்ல வண்டி வைத்திருப்போர் சந்தையைவிட்டு விலகுவார்கள். மட்டமானவையே மிஞ்சும். இதுவே அவர் கண்டது. சித்தூர்ச் சந்தையில் நேர்மையாக விற்கும் வியாபாரிகளும் இருக்கின்றனர். மீட்டரைத் திருப்புவோரால் முதலில் நஷ்டப்படுவோர் அவர்களே.

நம் நாட்டிலும் 2023 ஏப்ரல் முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. பழைய வண்டி விற்போர் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரச் சான்று பெறவேண்டும். வண்டி தம் கைக்கு வந்ததை அறிவித்த பின், அதற்குப் பொறுப்பாளர் அவரே. ஆகையால், கடைக்குள் நுழைந்ததும் அச்சான்றைக் காட்டச் சொல்லுங்கள். தரகர் மூலம் வாங்குவோர், ரசீதில் விற்பவர் என்று யார் பெயர் இருக்கின்றது என்பதைப் பாருங்கள். தரகர் பெயர் எங்கும் இராது, பிறகு யாரைத் தேடுவது? டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முன்னிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். சிறிதே ஓடிய வண்டியில் பெடல் ரப்பர் மழுங்கியிருந்தால் காரணம் கேளுங்கள். இவையெல்லாம் துணை. தலையாயது, வியாபாரி வாயால் சொல்லும் தூரம், உரிமையாளர் எண்ணிக்கை, விபத்து விவரம் ஆகிய மூன்றையும் ரசீதிலேயே எழுதச் சொல்வது. எழுத மறுப்பாரானால் அந்த விலைக்கு அவர் சொல் சேர்த்தி இல்லை என்று பொருள். வண்டியை மட்டும் விலை பேசுங்கள், அல்லது எழுந்து வந்துவிடுங்கள்.

சந்தேகம் கேட்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கின்றது, தமிழிலும் பேசலாம். அன்பர் அனுப்பிய நோட்டீஸின் நகல், பெயர்களை நீக்கி, நம் சங்க நூலகத்தில் இரண்டாம் அலமாரியில் வைக்கப்பட்டிருக்கின்றது. ஞாயிறு காலை 10 மணி முதல் நூலகம் திறந்திருக்கும். தேவைப்படுவோர் பார்த்து எழுதிக்கொள்ளலாம். தெலுங்கில் வேண்டுவோருக்கு நம் செயலாளர் அவர்களின் மகன் பெயர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கின்றார். அடுத்துக் குழந்தைகளின் கோலாட்டம் காத்திருப்பதால் இத்துடன் நிறுத்துகிறோம்.